குடும்பத்தோடு ரோலர் கோஸ்டர் ஏறப் போகிறோம்: யார் எதில் ஏறலாம்?

பெரிய ரோலர் கோஸ்டர்கள் உள்ள பூங்காவுக்கு முதல் முறையாகக் குடும்பத்தோடு போகிறீர்கள். 9 வயது மகள் எல்லாவற்றிலும் ஏறியே தீருவேன் என்கிறாள். அவள் உயரம் 126 செ.மீ., சில ரைடுகளில் 130 கேட்கிறார்கள், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 13 வயது மகன் வெளியே சொல்லாவிட்டாலும் பயப்படுகிறான். உங்கள் அப்பாவுக்கு 67 வயது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், பி.பி. மாத்திரை எடுக்கிறார், "எனக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். மனைவிக்குப் பேருந்தில் போனாலே குமட்டும். கடைசியில் "ரோலர் கோஸ்டர் பாதுகாப்பானதா, முன் இருக்கை நல்லதா பின் இருக்கை நல்லதா?" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, இயந்திரத்தை நம்பலாமா என்பது பாதிக் கேள்விதான். இந்த ஐந்து பேரில் யாரை ஏற்றலாம், யாரைத் தடுக்க வேண்டும், யாரை அவர் போக்கில் விட வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். கேளிக்கைப் பூங்கா ரைடுகளின் பராமரிப்பிலும் பாதுகாப்பு ஆய்விலும் பல வருடங்கள் வேலை பார்த்தவன். இயந்திரத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உடம்பைப் பற்றிய இடங்களில் எனக்கு எல்லை உண்டு, அங்கே உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

முதலில் இயந்திரம். சங்கிலியால் இழுத்து மேலே கொண்டுபோகும் வகை ரோலர் கோஸ்டரில், முதல் உச்சியைத் தாண்டிய பிறகு ரயிலைத் தள்ள எந்த மோட்டாரும் இல்லை. ஏறிய உயரம்தான் அதன் எரிபொருள். அதனால்தான் அடுத்தடுத்த மேடுகள் பொதுவாகத் தாழ்ந்துகொண்டே போகும். ரயில் தண்டவாளத்தை விட்டுப் பறந்துவிடாதா என்பது எல்லோருக்கும் வரும் பயம். பெட்டியின் சக்கரங்களைக் கவனித்துப் பாருங்கள். தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரம் ஒன்று, பக்கவாட்டில் பிடித்து ஓடுவது ஒன்று, அடியில் பிடித்து ஓடுவது ஒன்று என்று மூன்று வகை இருக்கும். அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1919-ல் காப்புரிமை வாங்கினார். பெட்டியை மேலே தூக்கும் விசை எவ்வளவு வந்தாலும் தண்டவாளம் அதை விடாது. மேலே ஏறும்போது கேட்கிற ‘டக் டக் டக்’ சத்தம் பலரைப் பதற வைக்கும். உண்மையில் அது ஆறுதலான சத்தம். சங்கிலியே அறுந்தாலும் ரயில் பின்னோக்கி உருளாதபடி, பெட்டிக்கு அடியில் உள்ள கொக்கி ஒன்று பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாக விழுந்து மாட்டிக்கொண்டே போகும் ஓசை அது. சத்தம் வராத நவீன அமைப்புகளும் உண்டு, அவையும் செய்வது இதே வேலைதான்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் உங்கள் பாதிப் பதற்றம் போய்விடும். பாதை முழுவதும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போன ரயில் தன் பகுதியைக் காலி செய்ததைச் சென்சார் உறுதிசெய்யாவிட்டால் பின்னால் வரும் ரயிலைக் கணினி நிறுத்திவிடும். "ரோலர் கோஸ்டர் நடுவழியில் நின்றது, பயணிகள் அலறல்" என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதில் பெரும்பாலானவை இந்த ஏற்பாடு தன் வேலையைச் செய்த சம்பவங்கள்தான். அப்படி நின்றால் செய்ய வேண்டியது ஒன்றே: உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், ஊழியர் வந்து சொல்லும்வரை உங்களை இருக்கையில் பிடித்திருக்கும் தடுப்புக் கம்பியைத் தூக்க முயலாதீர்கள். பிரேக்குகளிலும் இதே எண்ணம்தான். புதிய ரைடுகளில் நிலைக்காந்தப் பிரேக்குகள் இருக்கும்; உலோகத் தகடு காந்தங்களுக்கு நடுவே பாய்ந்ததும் வேகம் தானாகக் குறையும். மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு மின்சாரமே தேவையில்லை.

அதற்காக விபத்தே நடக்காது என்று சொல்ல மாட்டேன். 2015 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ என்ற ரோலர் கோஸ்டரில், ஆட்கள் இருந்த ரயில் பாதையில் நின்றிருந்த காலி ரயில் மீது மோதியது. பலர் படுகாயமடைந்தார்கள், இரண்டு இளம்பெண்கள் காலை இழந்தார்கள். முன்னால் ரயில் நிற்கிறது என்று கணினி சரியாகத்தான் கண்டுபிடித்து அடுத்த ரயிலை நிறுத்தி வைத்திருந்தது. பாதை காலி என்று நினைத்துப் பணியாளர்கள் அந்த நிறுத்தத்தை மீறி ரயிலை அனுப்பினார்கள். என் துறையில் இருக்கிற எவரும் இதை மறக்க முடியாது. வடிவமைப்புக்கு ஐஎஸ்ஓ 17842 மாதிரியான உலகத் தரநிலைகள் இருக்கின்றன. ஆனால் தினமும் காலையில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து போல்ட்டுகளைப் பார்க்கும் ஆள், பட்டனை அழுத்தும் ஆள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆள் ஆகியோரை எந்தத் தரநிலைப் புத்தகமும் வாசலில் காட்டாது.

அதனால் போன இடத்தில் நீங்களே கொஞ்சம் கவனியுங்கள். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் ரைடு அருகே நின்று ஊழியர்களைப் பாருங்கள். ஒவ்வொருவருடைய தடுப்புக் கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறார்களா, பார்வையால் மட்டும் தாண்டிப் போகிறார்களா? எல்லோரையும் சோதித்த பிறகு ஒருவருக்கொருவர் சைகை காட்டி ரயிலை அனுப்புகிறார்களா? இடி மின்னல் வந்தால் நிறுத்துகிறார்களா? இருக்கையில் கிழிந்த பெல்ட், கயிற்றால் கட்டிய பூட்டு மாதிரி ஏதாவது கண்ணில் படுகிறதா? எல்லாவற்றுக்கும் மேல், உயரம் குறைந்த குழந்தையைத் திருப்பி அனுப்புகிறார்களா? குழந்தை அழுதாலும் அப்பா சண்டை போட்டாலும் அசையாமல் "முடியாது சார்" என்று சொல்கிற ஊழியர் இருக்கும் இடத்தில் நான் என் குடும்பத்தை நம்பி ஏற்றுவேன். "பரவாயில்லை, ஏற்றுங்கள்" என்று கண்டும் காணாமல் விடுகிற இடத்தில், வேறு எதையெல்லாம் அப்படி விட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். இன்னொரு எச்சரிக்கை: நிரந்தரப் பூங்காவைப் பற்றி நான் சொல்வதை, ஊர் ஊராகக் கழற்றி மாட்டும் கண்காட்சி ராட்டினங்களுக்கு அப்படியே பொருத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தவறு நேர ஒரு வாய்ப்பு கூடுகிறது.

இப்போது மகளின் ஷூ. வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். உயரக் கோடு தைரியத்தை அளக்கும் கோடு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அது இருக்கையோடும் கம்பியோடும் உடம்பு பொருந்துமா என்று பார்க்கும் கோடு. தொடை எவ்வளவு நீளம், இடுப்பெலும்பு எங்கே வரும், தோள் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதையெல்லாம் வாசலில் நின்று அளக்க முடியாது. உயரம் அவற்றுக்கு ஓரளவு நம்பகமான அடையாளம் என்பதால் அதை அளக்கிறார்கள். ஷூவில் ஏறிய 4 செ.மீ. அவளுடைய தொடையிலோ இடுப்பிலோ ஏறப் போவதில்லை. ரயில் மேட்டைத் தாண்டும்போது உடம்பு இருக்கையிலிருந்து எழும்பும். அந்த நொடியில் அவளைப் பிடித்து வைப்பது கம்பி மட்டும்தான். உங்கள் கை அந்த வேலையைச் செய்யாது, எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும்.

எல்லைகள் பூங்காவுக்குப் பூங்கா மாறும் என்றாலும் 120 அல்லது 122, 130 அல்லது 132, 137 அல்லது 140 செ.மீ. என்ற படிகளைத்தான் அதிகம் பார்க்கலாம். 126 செ.மீ. உள்ள மகளுக்கு முதல் படி திறந்திருக்கிறது, அதிலேயே நல்ல ரைடுகள் நிறைய கிடைக்கும். சில ரைடுகளில் இந்த உயரத்துக்குப் பெரியவர் துணை வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். கிளம்புவதற்கு முன் பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உள்ள எல்லையைப் பாருங்கள். வீட்டிலேயே செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து, எதில் ஏற முடியும் எதில் முடியாது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று வாசலில் திரும்புவது ஒரு குழந்தைக்குப் பெரிய அவமானம். வீட்டிலேயே தெரிந்துவிட்டால் அது வெறும் ஏமாற்றத்தோடு போய்விடும்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடிக்கம்பி உள்ள ரைடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்தக் கம்பி பருமனானவரின் தொடையில் முட்டி நின்றுவிடும், பக்கத்தில் உள்ள ஒல்லிக் குழந்தைக்கு மேலே பெரிய இடைவெளி விழும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிற இடத்திலேயே இப்படி நடக்கிறது. ஆளுக்கொரு கம்பி உள்ள ரைடா என்று பாருங்கள். பொதுக்கம்பியாக இருந்தால் உங்களில் ஒல்லியானவர் அவளோடு உட்காரட்டும், இடைவெளியைக் காட்டி ஊழியரிடமும் கேளுங்கள். எந்தக் கம்பியானாலும் வயிற்றில் இல்லாமல் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் படிய வேண்டும். கம்பியை இறக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்து இடம் பிடித்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிள்ளைகளிடம் அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

அப்பாவைப் பற்றி. இங்கே நான் மருத்துவன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ரைடுகளின் வாசலில் உள்ள பலகையில் இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து முதுகுப் பிரச்சினை, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எழுதியிருக்கும். அதில் இரண்டு அப்பாவுக்கு நேராகப் பொருந்துகிறது. உறுதியாகத் தெரிந்தது இது: ஜெர்மனியின் மான்ஹைம் நகர மருத்துவ ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 55 பேரை மணிக்கு 120 கி.மீ. வேகம் போகும் ரோலர் கோஸ்டரில் ஏற்றி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள், 2007-ல் அந்த முடிவு வெளியானது. சராசரித் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 90-லிருந்து 150-க்கு மேல் போனது. உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு, ஓரிரு நிமிடத்துக்குள். நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டென்ட் வைத்த, பி.பி. உள்ள இதயம் எந்த அளவு தாங்கும் என்று பொதுவாக யாரும் ஒரு எண் சொல்லிவிட முடியாது, அது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டென்ட் வைத்தவர்களில் பலர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையும் எடுப்பார்கள். வேகமான குலுக்கலால் மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் மிக அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. மாத்திரை எடுப்பவருக்கு அதைக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக ஒரு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் யாருக்கும் வரக்கூடாது.

இதய மருத்துவரிடம் "ரோலர் கோஸ்டர் ஏறலாமா" என்று மட்டும் கேட்டால் அவர் மனதில் என்ன மாதிரி ரைடு வரும் என்று தெரியாது. "இரண்டு நிமிடத்துக்கு இதயத் துடிப்பு 150 வரை போகலாம், உடல் எடை நான்கு மடங்கு ஆனது மாதிரி அழுத்தம் சில நொடிகள் வரும், தலையும் கழுத்தும் குலுங்கும்" என்று சொல்லிக் கேளுங்கள். அவர் சரி என்று சொல்லாதவரை பெரிய ரைடு வேண்டாம் என்பதே என் கருத்து. அப்பா வருத்தப்படுவார். அவரைப் பைகளுக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் ஓடாதீர்கள், அதுதான் அவரை உண்மையில் புண்படுத்தும். மெதுவாகச் சுற்றும் ராட்சத ராட்டினம், பூங்காவைச் சுற்றி வரும் ரயில், படகு என்று அவரோடு சேர்ந்து ஏறக்கூடியவற்றையும் நாளின் திட்டத்தில் முதலிலேயே எழுதி வையுங்கள். அவற்றிலும் வாசல் பலகையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மனைவியின் குமட்டலுக்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு சொல்லும் அசைவும் கண் சொல்லும் அசைவும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்புகிறது. இதில் பலருக்கு எதிர்பாராத செய்தி உண்டு. பேருந்தில் குமட்டுகிறவருக்கு நேராகப் போய் விழுந்து எழும் ரோலர் கோஸ்டர் சில நேரம் ஒத்துக்கொள்ளும், ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் கிண்ண ராட்டினம் படுத்திவிடும். திரை முன் இருக்கை ஆடும் சிமுலேட்டரும் அப்படித்தான். பார்க்க எளிமையாக இருக்கும், கண்ணுக்குப் பெரிய அசைவும் உடம்புக்குச் சின்ன அசைவும் கிடைப்பதால் குமட்டல் எளிதில் வரும். கண்ணை மூடிக்கொள்ளாமல் போகும் பாதையைப் பார்ப்பது பலருக்கு உதவுகிறது, அடுத்த வளைவு தெரிந்தால் உடம்பு தயாராகிவிடும். ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறாகவும் இருக்க வேண்டாம். குமட்டல் மாத்திரை எடுப்பதானால் முன்கூட்டியே எடுத்தால்தான் பலன், அதில் பலவும் தூக்கம் வரவழைக்கும், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இஞ்சி, மணிக்கட்டுப் பட்டை போன்றவற்றால் தங்களுக்கு நன்மை என்று சொல்பவர்கள் உண்டு. ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை, தீங்கும் பெரிதாக இல்லை. ஒரு ரைடில் முகம் வெளிறினால் அடுத்ததற்கு முன் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குமட்டல் ஒவ்வொரு ரைடாகச் சேர்ந்துகொண்டே போகும்.

என் மனம் அதிகம் நிற்பது உங்கள் மகனிடம்தான். தங்கை துள்ளுகிறாள், அண்ணன் பின்வாங்குகிறான். 13 வயதில் அது எவ்வளவு கனமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "ஒரு தடவை பிடித்து ஏற்றிவிட்டால் பயம் போய்விடும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். சிலருக்கு அப்படி நடந்திருக்கிறது, அவர்கள்தான் அதைக் கதையாகச் சொல்கிறார்கள். வற்புறுத்தி ஏற்றப்பட்டு, அதன் பிறகு வாழ்நாள் முழுக்கப் பூங்கா பக்கமே வராதவர்கள் கதை சொல்வதில்லை. பயத்தைக் குறைப்பதாக நன்கு அறியப்பட்ட வழி படிப்படியாக, தன் விருப்பத்தோடு நெருங்குவதுதான். முதலில் குடும்ப ரோலர் கோஸ்டர் எனப்படும் சின்னது. அது பிடித்தால் இன்னொரு முறை அதிலேயே. பிறகு கொஞ்சம் பெரியது. எந்தப் படியிலும் "போதும்" என்று அவன் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது முதலிலேயே பேசி முடிவாகியிருக்க வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் அவன் முதல் படியிலேயே கால் வைப்பான்.

வரிசையில் நிற்பதற்கு முன் ரயில் நாலைந்து முறை போய் வருவதை அவனோடு நின்று பாருங்கள். இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கட்டும். மேலே ஏற எவ்வளவு நேரம், விழுவது எத்தனை நொடி என்று அவனே போனில் அளக்கட்டும். முதல் சரிவு சில நொடிகளில் முடிந்துவிடுவதை அவன் கண்டுபிடிப்பான். சக்கரங்களையும் கொக்கிச் சத்தத்தையும் பற்றி மேலே சொன்னதை அவனுக்கு விளக்குங்கள். இந்த வயதுப் பையன்களுக்கு "பயப்படாதே" என்பதைவிட "இது இப்படி வேலை செய்கிறது" என்பது அதிகம் உதவுவதை வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தலைகீழ் வளையம்தான் அவனுக்குப் பயம் என்றால் இதைச் சொல்லுங்கள்: 1895-ல் நியூயார்க்கின் கோனி தீவில் ‘ஃப்ளிப் ஃப்ளாப்’ என்ற வளைய ரோலர் கோஸ்டர் வந்தது. அதன் வளையம் முழு வட்டம், அதனால் உள்ளே நுழையும்போதே அழுத்தம் திடீரென்று ஏறிக் கழுத்தை வலிக்க வைத்தது. 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவுக்கு வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வடிவமைத்த வளையம் மேலே குறுகி, கீழே விரிந்த துளி வடிவம். இன்றைய வளையங்கள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. அவற்றின் உச்சியில் பொதுவாக நாம் தொங்குவதில்லை, இருக்கையோடுதான் அழுந்துகிறோம். மெதுவாகப் புரட்டும் சில ரைடுகளில் தொங்குவது போலிருக்கும், அவற்றை அவன் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறிவிட்டால் முதல் சரிவில் மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் வெளியே விடச் சொல்லுங்கள். வாய்விட்டுக் கத்துவது அதற்கு மிக எளிய வழி. தலையைப் பின்சாய்வில் சாய்த்து வைக்கட்டும். 4 ஜி, அதாவது எடை நான்கு மடங்கு ஆனது மாதிரியான அழுத்தத்தில் 5 கிலோ தலை 20 கிலோ போலக் கனக்கும், குனிந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான ரைடுகளில் நடைமேடையின் மறுபக்கம் அப்படியே நடந்து வெளியேற வழி இருக்கும். கடைசி நொடியில் மனம் மாறினால் ஊழியரிடம் சொன்னால் போதும். அவன் அப்படித் திரும்பினால் கேலிப் பேச்சு ஒன்றுகூட இருக்கக்கூடாது, தங்கையிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

முன் இருக்கையா பின் இருக்கையா என்பதற்கு வருகிறேன். ரயில் நீளமானது, எல்லாப் பெட்டியும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் போகும். உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டி மெதுவாகச் சரிவில் எட்டிப் பார்க்கும், பின்னால் உள்ள எடை இன்னும் மேலே வராததால் இழுத்துப் பிடித்திருக்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும் நேரத்தில் முன்பாதி விழுந்து வேகம் எடுத்திருக்கும், அதனால் அது உச்சியிலிருந்து பிடுங்கி எறியப்படுவது போல விழும். வயிற்றில் ‘ஜிவ்’வென்ற உணர்ச்சி பின்னால்தான் அதிகம். முன் வரிசையில் காட்சி அதிகம், காற்று அதிகம், என்ன வரப்போகிறது என்பதும் தெரியும். நடுப்பெட்டி இரண்டுக்கும் இடையில், பொதுவாக மென்மையானது. ஆக, மகனுக்கும் மனைவிக்கும் நடு, ஓரளவு முன்பக்கம். மகள் கேட்டால் பின்னால். மரத்தால் ஆன ரோலர் கோஸ்டர் இருந்தால் அதன் குலுக்கல் எஃகு வகையைவிட வேறு மாதிரி இருக்கும். அதில் கடைசிப் பெட்டியையும், சக்கரத்துக்கு நேர் மேலே வரும் இருக்கையையும் கழுத்து வலி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. காலையில் ஏறியதே மாலையில் இன்னும் வேகமாகத் தெரிந்தால் அது வெறும் பிரமை என்று நினைக்க வேண்டாம். சக்கரமும் பேரிங் கிரீஸும் சூடேறிய பிறகு உராய்வு குறைந்து ரயில் கொஞ்சம் வேகமாகவே ஓடும்.

வரிசை விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பூங்கா திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் இருங்கள், முதல் ஒரு மணி நேரம்தான் நாளிலேயே காத்திருப்பு குறைந்த நேரம். கூட்டத்தின் நீளத்தை மட்டும் பார்த்து வரிசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எத்தனை நொடிக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்று பாருங்கள். 24 பேர் ரயில் 90 நொடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 960 பேர். உங்களுக்கு முன் 320 பேர் இருந்தால் 20 நிமிடம். அதே ரைடில் ஒரே ரயில் ஓடி 4 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 360 பேர்தான், அதே 320 பேர் கரைய 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். காலையில் பெரிய ரைடுக்கு ஓடுவது வழக்கமான புத்திசாலித்தனம். உங்கள் வீட்டுக்கு அது சரிவராது, ஏனென்றால் மகன் அன்று முதலில் பார்ப்பதே ஆகப் பயங்கரமானதாக இருக்கும். நீங்கள் மகளோடு அவளுடைய உயரத்துக்கு அனுமதி உள்ளதில் பெரியதற்குப் போங்கள், மனைவியும் மகனும் அப்பாவும் சின்னதிலிருந்து தொடங்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து இன்ன இடத்தில் சந்திப்பு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பல பூங்காக்களில் பெற்றோர் இருவரும் மாறி மாறி ஏற ஒரு வசதி உண்டு: ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடி முழு வரிசையும் நிற்காமல் ஏறலாம். மகளுக்கு அனுமதியில்லாத ரைடில் உங்கள் இருவருக்கும் இது உதவும். இருக்கிறதா என்று நுழைவாயிலிலேயே கேளுங்கள்.

போன், கண்ணாடி, தொப்பி, சாவி எல்லாம் கீழேயே இருக்கட்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கையிலிருந்து நழுவும் போன் பின்னால் இருப்பவரின் முகத்தில்தான் இறங்கும். ஏதாவது விழுந்துவிட்டால் ஊழியரிடம் சொல்லுங்கள். வேலியைத் தாண்டி எடுக்கப் போனவர்கள் ஓடும் ரயில் அடித்து இறந்திருக்கிறார்கள். மகனிடமும் மகளிடமும் இதைத் தனியாக ஒருமுறை சொல்லுங்கள்.

இறங்கியதும் கால் தள்ளாடுவதும் சில நிமிடம் லேசாகத் தலைசுற்றுவதும் சாதாரணம். நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், கையிலோ தாடையிலோ பரவும் வலி யாருக்கு வந்தாலும் பூங்காவின் முதலுதவி மையத்துக்கு உடனே போங்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். விட்டுப்போகாத அல்லது கூடிக்கொண்டே வரும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கம் பலவீனம் ஆகியவை அன்றோ அடுத்த சில நாட்களிலோ, ஏன், சில வாரம் கழித்தோ தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய், ரோலர் கோஸ்டர் ஏறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளி அதைச் சொல்லத் தோன்றாமல் விட்டுவிடுவார், மருத்துவருக்கும் கேட்கத் தோன்றாது.